ஊருக்கு ஓர் அறிவிப்புப் பலகை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

எங்கள் பாட்டிமார் சிறுமியராய் இருந்த காலத்தில் ஊரில் ஒரு செய்தி பரவவேண்டுமானால் தண்டோரா போடுவார்கள். பறையை அடித்துக்கொண்டு ஒருவர் தெருத்தெருவாக வருவார். "இதனால் சகலமானவர்க்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்குவார். ஏரி உடைப்பெடுத்ததோ, அம்மை ஊசி போட ஆள் வருகிறதோ, வரி கட்டக் கடைசி நாள் எதுவோ, அதை உரத்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். திண்ணையில் இருந்தவர், அடுப்படியில் இருந்தவர், எழுத்தறியாதவர் எல்லார் காதிலும் அது விழும். ஆனால் அந்த வழக்கத்தில் ஒரு பெரிய அநீதியும் இருந்தது. பறையடிக்கும் வேலையை ஒரு சாதியாரின் தலைமேலேயே சுமத்தியிருந்தார்கள். ஆகவே 2022-ஆம் ஆண்டு தமிழக அரசின் தலைமைச் செயலர், தண்டோரா முறையை நிறுத்தவேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அது நல்ல காரியம்.

தண்டோரா போய்விட்டது, செய்தி அறியவேண்டிய தேவை போகவில்லை. இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை நகரின் இணையதளம் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது நமது ஆசை மட்டுமன்று, சட்டமும் ஆகும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்காம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன்னைப் பற்றிய 17 வகைச் செய்திகளை, யாரும் கேட்காமலே தானாக வெளியிடவேண்டும் என்கிறது அது. மக்கள் மனுப்போட்டுத் தகவல் கேட்கும் அவசியமே பெரும்பாலும் நேராதபடி வெளியிடவேண்டும். அதையும் அந்தந்தப் பகுதியின் மொழியில், அங்கே எது எளிதில் மக்களைச் சென்றடையுமோ அந்த வழியில் செய்யவேண்டும். அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் என்று வழிகளையும் அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குடிமையியல் பாடத்தில் இதைப் படித்தபோது எங்களுக்குப் பழைய தண்டோராதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். திருவண்ணாமலை 1886-இல் நகராட்சி ஆனது. 138 ஆண்டுகள் கழித்து 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. நகராட்சியாக இருந்தபோது 39 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி 1,45,278 பேர். இது வீடுவாசலோடு இங்கே குடியிருப்பவர்களின் கணக்கு. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் நடக்க வருவோரும், கார்த்திகை தீபத்துக்கு வருவோரும் இந்தக் கணக்கில் அடங்கமாட்டார்கள். அவர்கள் இலட்சக்கணக்கில் வருகிறார்கள். ஆகவே எங்கள் ஊர் உண்மையில் இரண்டு ஊர். ஒன்று வந்து போகிறவர்களின் ஊர். மற்றது இருக்கிறவர்களின் ஊர்.

வந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எங்கும் விடை கிடைக்கிறது. கிரிவலம் செல்ல உகந்த நேரம் எது என்பது எல்லாச் செய்தித்தாளிலும் நிமிடக் கணக்கோடு வந்துவிடும். சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்து எத்தனை, தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எங்கே, கார் நிறுத்துமிடம் எது என்றும் வந்துவிடும். இருக்கிறவர்களின் கேள்விகள் வேறு. எங்கள் தெருவுக்குக் குடிநீர் நாளைக்கா, நாளை மறுநாளா? குப்பை வண்டி ஏன் மூன்று நாளாக வரவில்லை? பௌர்ணமியன்று எந்தத் தெருவை எத்தனை மணிக்கு அடைப்பார்கள், பள்ளிக்கூட வேன் எதுவரை வரும்? பௌர்ணமி எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்பது உலகுக்கே தெரிகிறது. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். (அந்த அத்தை இதுவரை தவறியதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.)

நகரின் இணையதளம் பயனுள்ளதாவது எப்போது என்ற கேள்வி எங்களுக்குப் பிறந்தது பாடப்புத்தகத்தால் அன்று. எங்கள் தோழி ஒருத்தியால். அவள் பெயரைச் சொல்ல அவள் சம்மதிக்கவில்லை. அவளுடைய கதையே பெயரைப் பற்றியதுதான்.

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் வேளையில் எங்கள் வகுப்பாசிரியை எல்லாரிடமும் பிறப்புச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கினார். அவளுடைய சான்றிதழில் தந்தை பெயர் இருந்தது, தாய் பெயர் இருந்தது, 'பெண்' என்று இருந்தது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. நாங்கள் அதுவரை அப்படி ஒரு சான்றிதழைப் பார்த்ததில்லை. பிறகு கேட்டால், எங்கள் வகுப்பிலேயே இன்னும் இருவருடையது அப்படித்தான் இருந்தது!

இதற்குக் காரணம் எளிது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒரு குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். நம் வீடுகளில் அதற்குள் பெயர் வைத்திருக்கமாட்டார்கள். ஜாதகம் பார்க்கவேண்டும், தாத்தா ஒரு பெயர் சொல்வார், அத்தை ஒரு பெயர் சொல்வார். எங்களைப் போன்ற வீடுகளில் ஞானஸ்நானம் வரை காத்திருப்பார்கள். ஆகவே பெயர் இல்லாமலே பதிவு நடந்துவிடும். பிறகு 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதையும் தவறவிட்டால் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, ஆதார் அட்டையும் வாங்கிவிட்டால், பழைய தாளில் ஒரு வெற்றிடம் இருப்பதை யார் நினைப்பார்கள்? எங்கள் தோழிக்குப் பதினைந்து வயது நிறைய ஏழு வாரமே மீதி இருந்தது.

அவள் அப்பா கோபுரத் தெருவில் பூ வியாபாரம் செய்கிறார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கமன்றோ? அவள் பிறந்தது அம்மாவின் ஊரில். பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் அலுவலகத்தில்தான் பெயரைச் சேர்க்கமுடியும். அது எந்த ஊர் என்பது இங்கே வேண்டா. பேருந்தில் மூன்று மணி நேரம்.

முதல் முறை போனபோது, பள்ளியிலிருந்து சான்று வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு இரண்டாம் முறை போனார். கையெழுத்திடவேண்டிய அதிகாரி முகாமுக்குப் போயிருந்தார். மூன்றாம் முறை, தாயின் பெயர் சான்றிதழில் ஓர் எழுத்துடனும் ஆதாரில் வேறோர் எழுத்துடனும் இருப்பதைக் கண்டார்கள். அதற்கு ஓர் உறுதிமொழித் தாள் வேண்டும் என்றார்கள். நான்காம் முறை வேலை முடிந்தது. நான்கு நாள் பூக்கடை இல்லை. அதில் ஒரு நாள் பௌர்ணமி. பௌர்ணமியில் பூக்கடை அடைத்திருப்பதென்றால் என்ன பொருள் என்று எங்கள் ஊராருக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்த அலுவலகத்தில் யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை. யாரும் கைநீட்டவும் இல்லை. மூன்றாம் முறை ஓர் எழுத்தர் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். "எல்லாரும் நல்லவங்கதாம்மா. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் பாக்கி இருக்கு" என்று அவர் எங்களிடம் சொன்னார். என்னென்ன தாள் வேண்டும் என்பதை முதலிலேயே ஓரிடத்தில் எழுதிப் போட்டிருந்தால் அவர் ஒரே முறை போய் வந்திருப்பார்.

இணையதளத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். அவள் அண்ணன் பார்த்தான். முதல் பக்கத்தில் ஒரு கட்டடத் திறப்பு விழாவின் படம். அடுத்ததில் ஊரின் வரலாறு. 'சேவைகள்' என்ற இடத்தைத் தொட்டு, 'பிறப்பு, இறப்பு' என்பதைத் தொட்டால், பக்கம் தயாராகிக்கொண்டிருப்பதாக ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

இதற்குப் பின் ஒரு சனிக்கிழமை, எங்கள் கணினி ஆசிரியையின் அனுமதியோடு, நாங்கள் எட்டுப் பேர் கணினி அறையில் உட்கார்ந்து பல ஊர்களின் தளங்களைப் பார்த்தோம். எந்தெந்த ஊர் என்று சொல்லி யாரையும் வருந்தச் செய்ய விரும்பவில்லை. நாங்கள் செய்தது இதுதான்: ஒவ்வொரு தளத்திலும், அந்த ஊரில் குடியிருப்பவர்களாக எங்களை நினைத்துக்கொண்டு சில கேள்விகளுக்கு விடை தேடினோம். பெயர் சேர்க்க என்ன வேண்டும்? தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது? நாய் கடித்தால் எங்கே ஊசி? எங்கள் வார்டு உறுப்பினர் யார்?

தளத்தைத் திறந்தவுடன் எது இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது என்று கண்டோம். பலவற்றில் அலுவலகம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே பக்கங்களும் பிரிக்கப்பட்டிருந்தன. வருவாய்ப் பிரிவு, பொறியியல் பிரிவு, சுகாதாரப் பிரிவு, நகரமைப்புப் பிரிவு என்று வரிசை. உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அது தெளிவாக இருக்கும். தெருவில் நாய்த் தொல்லை என்று வருகிற அம்மாளுக்கு அது சுகாதாரமா பொறியியலா என்று எப்படித் தெரியும்? அவள் மனத்தில் உள்ள சொல் 'நாய்'. அந்தச் சொல் தளத்தில் இருந்தால் கண்டுபிடிப்பாள். பிரிட்டிஷ் அரசாங்கம் 2012-இல் தன் பல தளங்களை ஒன்றாக்கிப் புதிதாக அமைத்தபோது இதையே கொள்கையாக வைத்துக்கொண்டது. இலாகாவின் பெயரைத் தேடாமல், தன் தேவையைச் சொல்லித் தேடவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை வாசித்தாலும் விளங்கும்படி எழுதவேண்டும் என்பது அங்கே எழுதுகிறவர்களுக்குத் தரப்பட்ட அறிவுரை. நாங்கள் அதைவிட ஆறு வயது மூத்தவர்கள். ஆயினும் எங்களுக்குச் சில பக்கங்கள் விளங்கவில்லை.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். தமிழ்ப் பக்கம் இருக்கிறது என்று போட்டிருக்கும். தொட்டால் தலைப்பு மட்டும் தமிழ், உள்ளே எல்லாம் ஆங்கிலம். வேறொன்றில் எந்திரம் மொழிபெயர்த்திருந்தது. முகப்புக்குத் திரும்பவேண்டிய இடத்தில் 'வீடு' என்று இருந்தது. எங்களில் ஒருத்தி, "எனக்கும் வீட்டுக்குப் போகவேண்டும் போலத்தான் இருக்கிறது" என்றாள். கணினி அறையில் சிரித்ததற்காகச் சிஸ்டரிடம் பேச்சும் வாங்கினோம்.

சிரிப்புக்கு இடமில்லாத ஒரு குறையும் உண்டு. சுற்றறிக்கையைத் தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, அதைப் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பார்ப்பதற்குத் தமிழ் எழுத்துத்தான். கணினிக்கு அது வெறும் படம். அதில் உள்ள ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. தமிழ் எழுத்துக்குக் கணினியில் பொதுவான முறை இல்லாத காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வோர் எழுத்துரு. 2010-ஆம் ஆண்டு கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னும் படமாக ஏற்றுவதற்கு நியாயம் இல்லை. எங்கள் தோழி ஒருத்தியின் சித்திக்குக் கண்பார்வை கிடையாது. அவர் செல்பேசி, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். கடிதம், செய்தி, சமையற்குறிப்பு எல்லாம் படிக்கும். இப்படிப் படமாகப் போட்ட அறிவிப்பு வந்தால் மௌனமாகிவிடும். மத்திய அரசு 2009 முதல் அரசு இணையதளங்களுக்கு நெறிமுறைகள் வெளியிட்டு, 2018-இலும் 2023-இலும் திருத்தியிருக்கிறது. பார்வையற்றவர் முதலானோரும் பயன்படுத்தும்படி தளம் இருக்கவேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி.

அதே நெறிமுறை, ஒவ்வொரு பக்கமும் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளைக் காட்டவேண்டும் என்றும் சொல்கிறது. இதிலும் ஒரு வேடிக்கை கண்டோம். ஒரு தளத்தின் அடியில் நாங்கள் பார்த்த அன்றைய தேதியே இருந்தது. ஆகா, இன்று காலைதான் புதுப்பித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தோம். உள்ளே போனால் மூன்று ஆண்டுக்கு முந்தைய குடிநீர் அட்டவணை. எங்கள் ஆசிரியைதான் விளக்கினார்: அந்தத் தேதியைக் கணினி தானாக மாற்றிக்கொள்ளும், எழுதியதை யாரும் பார்க்கவேண்டியதில்லை. பொய்யான தேதியைவிடத் தேதி இல்லாமல் இருப்பதே மேல் என்று எங்களுக்குப் பட்டது. பழைய எண்ணை நம்பித் தொலைபேசியில் அழைத்தால், மாற்றலாகிப் போன அதிகாரி வேறு மாவட்டத்திலிருந்து பேசுவார்!

குறை மட்டுமே சொல்வது முறையன்று. நல்லதும் நிறைய இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியது, இந்தியாவிலேயே பழமையானது. அங்கே பதிவான பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை அதன் தளத்திலிருந்து கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். 1913 என்ற ஒரே எண்ணில் எந்தப் புகாரையும் சொல்லலாம். எங்கள் ஊர் உட்படத் தமிழகத்தின் மற்ற மாநகராட்சிகளும் நகராட்சிகளும் சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றை ஒரு பொதுத் தளத்தின் வழியாக வாங்கிக்கொள்கின்றன. வரிவிதிப்பு எண்ணை எழுதினால் பாக்கி எவ்வளவு என்று வந்துவிடும். பணம் கட்டினால் ரசீதும் உடனே வரும். சொத்துவரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஒவ்வோர் அரையாண்டிலும் முதல் 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. இதை எங்கள் வீடுகளில் சொன்னபோது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஒருத்தியின் தந்தை, "இத்தனை வருஷம் இது தெரியாமல் கட்டினேனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாராம். பணம் வாங்கும் பக்கங்கள் நன்றாகவே நடக்கின்றன. செய்தி சொல்லும் பக்கங்களும் அதே அக்கறையோடு இருக்கவேண்டும் என்பதுதான் நாங்கள் கேட்பது.

எது யாருடைய வேலை என்பது இன்னொரு பெரிய குழப்பம். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் அறநிலையத் துறையிடம். மலை வனத்துறையிடம். கிரிவலச் சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். மின்கம்பி மின்வாரியத்திடம். தெருவும் சாக்கடையும் குப்பையும் மாநகராட்சியிடம். சாலையோரத்தில் ஒரு மரக்கிளை ஒடிந்து மின்கம்பியில் தொங்கி, சாக்கடையை அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

இதே சிக்கலைத் தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் தீர்த்த விதம் சுவையானது. 2014-இல் அந்நாட்டுப் பிரதமர் தம் தேசிய தினப் பேருரையில் ஒரு கதை சொன்னார். ஒரு நடைபாதையில் யாரோ மீன் உருண்டை தின்றுவிட்டு எறிந்த குச்சி கிடந்தது. இடப்பக்கச் சரிவு பூங்காத் துறையுடையது. நடுவே உள்ள வாய்க்கால் தண்ணீர்த் துறையுடையது. வலப்பக்க நடைபாதை போக்குவரத்துத் துறையுடையது. குச்சி எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து அள்ளுகிறவர் மாறுவார்! அவ்வாண்டே இதற்கென்று ஓர் அலுவலகம் அமைத்தார்கள். 2015-இல் ஒரு செயலி வந்தது. மக்கள் படம் எடுத்து அனுப்பினால் போதும். எந்தத் துறைக்குப் போகவேண்டும் என்பதை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் மாநிலத்தில் 1100 என்ற முதலமைச்சர் உதவி எண் எல்லாத் துறைப் புகாரையும் வாங்கிக்கொள்கிறது. ஊர்த் தளத்திலேயே அப்படி ஒரு வாசல் இருந்து, கொடுத்த புகாருக்கு எண் தந்து, அது இப்போது யார் மேசையில் இருக்கிறது என்றும் காட்டினால் மக்கள் அதையே நாடுவார்கள்.

வார்டைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தில் 2022 நவம்பர் 1-ஆம் நாள் முதன்முதலாக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமசபை போல, ஒரு வார்டுக்குள் இருக்கும் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம். அது எந்த நாள், எந்த இடம் என்று ஒரு வாரம் முன்னதாகத் தளத்தில் போட்டால் எங்கள் அம்மாக்களும் போவார்கள். முடிந்த பிறகு படம் போடுவதால் யாருக்கு என்ன பயன்?

இனிச் சொல்லப்போவதை எழுத எங்களுக்குக் கை வரவில்லை; சொல்லாமலும் இருக்கமுடியாது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் மழை எங்கள் ஊரில் கொட்டித் தீர்த்தது. மறுநாள் டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மாலை, மலையடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் சிறுவர் சிறுமியர். அடுத்த நாட்களில் பள்ளிகள் திறந்தபோது நாங்கள் அவர்களுக்காக மன்றாடினோம். அந்த ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

அன்று மாலை ஓர் அறிவிப்பு எதையாவது மாற்றியிருக்குமா என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் அதன்பின் ஒவ்வொரு பெருமழையின்போதும் மலையடிவாரத்தில் குடியிருக்கும் எங்கள் தோழியரின் வீட்டில் உறக்கம் இல்லை. அவர்கள் கேட்பது சிலவே. எந்தெந்தத் தெருக்கள் ஆபத்தானவை என்று கண்டிருக்கிறார்கள்? போக வேண்டுமானால் எந்த மண்டபம், எந்தப் பள்ளி திறந்திருக்கிறது? இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? மாநில அரசு 2024-இல் 'டி.என். அலர்ட்' என்ற எச்சரிக்கைச் செயலியை வெளியிட்டது. அது மாவட்டத்துக்கு மழை உண்டா என்று தமிழிலேயே சொல்கிறது. தெருவைச் சொல்லவேண்டியது ஊர்தான். அப்படிச் சொல்லும்போது தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். சமூக ஊடகத்தில் பழைய எச்சரிக்கைகள் மறுபடி மறுபடி சுற்றுவதால், இரவு 8 மணிக்குச் சொன்னதா, நேற்றுச் சொன்னதா என்று தெரியாமல் மக்கள் பயப்படுகிறார்கள், அல்லது பயப்படாமலே இருந்துவிடுகிறார்கள். இரண்டும் கெடுதி.

அந்தப் பக்கத்தில் படங்களும் ஓடும் எழுத்துகளும் வேண்டா. எங்கள் ஊரில் பௌர்ணமி இரவில் செல்பேசி இணையம் நத்தைபோல் நகரும். புயல் இரவில் அதைவிட மோசம். கனமான பக்கம் திறக்கவே திறக்காது. பத்து வரி எழுத்து, நான்கு தொலைபேசி எண்கள். அது எந்த மலிவான செல்பேசியிலும் நொடியில் வந்துவிடும்.

செல்பேசியே இல்லாதவர்களை மறந்துவிட்டோமா என்று எங்கள் பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இ-சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. எங்களுக்கு இன்னொன்று தோன்றுகிறது. தளத்தில் போடுவதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து ரேஷன் கடையிலும் தண்ணீர்த் தொட்டிச் சுவரிலும் ஒட்டலாம். தளத்தில் சரியாக எழுதியிருந்தால் சுவரில் ஒட்டுவது அரைமணி வேலை. தளத்திலேயே இல்லாததை எதை வைத்து அச்சடிப்பது?

எங்கள் தோழியின் சான்றிதழ் பதினைந்து நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது பெயரோடு வந்து சேர்ந்தது. இப்போது 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டப்படி, அந்த நாளிலும் அதற்குப் பின்னும் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் இன்னும் பலவற்றுக்கும் பிறப்பு நாளைக் காட்டும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே. ஆகவே எங்கள் தங்கை தம்பியரின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள் என்று காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை சிஸ்டரே சொன்னார்கள். அவள் அப்பா நான்கு முறை போய்க் கற்றுக்கொண்டதை நாங்கள் ஒரே தாளில் எழுதினோம்: என்னென்ன தாள் வேண்டும், எங்கே போகவேண்டும், பெயரின் எழுத்து எங்கே ஒத்திருக்கவேண்டும், எத்தனை ஆண்டுக்குள் செய்யவேண்டும். கீழே எழுதிய நாளையும் போட்டோம். பள்ளியின் அறிவிப்புப் பலகையில், நூலக வாசலுக்கு எதிரே அது இருக்கிறது. பள்ளிக்குள் செல்பேசிக்கு அனுமதி இல்லாததால் பதினொரு பேர் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர் அண்ணன்.